அத்தியாயம் 7: ஷீட்டின் மறுமுனை – டக்ட் பட்டறையும் ஐடிஐயும் கைகோக்கும் வழி

என் பட்டறைக்கு ஐடிஐயிலிருந்து வந்த முதல் பையன் நாற்பது நாள்தான் இருந்தான். அந்த நாற்பது நாளும் அவனுக்கு ஒரே வேலை. எட்டுக்கு நாலு ஜிஐ ஷீட்டை மேஸ்திரி ஷியரிங் மெஷினில் தள்ளும்போது அவன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். போகும்போது கோபமாக எதுவும் சொல்லவில்லை. "அண்ணே, ஐடிஐல கத்துக்கிட்டதும் மறந்து போகுது" என்றான். அவ்வளவுதான்.

எனக்கும் அந்த ஐடிஐக்கும் அன்று கையெழுத்தான ஒப்பந்தம் இருந்தது, முத்திரை இருந்தது, சால்வை போட்டு எடுத்த ஃபோட்டோகூட இருந்தது. திங்கட்கிழமை காலையில் அந்தப் பையன் கையில் என்ன கருவி இருக்க வேண்டும் என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. அந்த வரியை எப்படி எழுதுவது, எழுதியதை எப்படி நடத்துவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஏசி டக்ட், எக்ஸாஸ்ட் டக்ட், கிச்சன் ஹூட் என்று காற்றோட்ட வேலை செய்யும் சிறு பட்டறைக்காரர்களுக்காக எழுதுகிறேன். உங்களிடம் ஒரு ஷியரிங் மெஷின், ஒரு ஃபோல்டிங் மெஷின், ஒரு லாக் ஃபார்மர், பொறுமையுள்ள ஒரு மேஸ்திரி இருந்தால் போதும். நான்கில் கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது அரிது.

## நுழைய மூன்று வாசல்கள்

1. தொழிற்பழகுநர் பயிற்சி. ஐடிஐ முடித்தவரை, அல்லது பள்ளி முடித்த புதியவரை, அப்ரென்டிஸாக எடுத்து மாதம் உதவித்தொகை கொடுத்துப் பழக்குவது. இது 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருகிறது. ஷீட் மெட்டல் ஒர்க்கர் என்பது இந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள தொழிற்பிரிவு.

2. இரட்டைமுறைப் பயிற்சி. மாணவர் ஐடிஐயில் படித்துக்கொண்டிருக்கும்போதே பாடத்தின் ஒரு பகுதியை உங்கள் பட்டறையில் முடிப்பது. ஐடிஐகளில் 2016இல் வந்த திட்டம். இதற்கு ஐடிஐயோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட வேண்டும்.

3. கைப்பழக்க உறவு. மாணவர்கள் ஒரு நாள் பட்டறையைப் பார்க்க வருவது, உங்கள் மேஸ்திரி மாதம் ஒரு தடவை ஐடிஐக்குப் போய் லாக் போட்டுக் காட்டுவது, நல்ல நிலையில் உள்ள துண்டுத் தகடுகளை ஐடிஐ ஒர்க் ஷாப்புக்குக் கொடுப்பது. இதற்குப் பெரிய தாள் எதுவும் தேவையில்லை.

> குறிப்பு: மூன்றாவது வாசலில் தொடங்குங்கள். ஆறு மாதம் இப்படிப் போய் வந்தால் எந்தப் பையனுக்கு மார்க்கிங்கில் கை நேராக ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மேஸ்திரி எப்படிப்பட்டவர் என்று அவர்களுக்கும் தெரியும். முதல் வாசல் பிறகு தானாகத் திறக்கும்.

## சட்டம், ஒரே மூச்சில்

கையெழுத்துக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை இவ்வளவுதான்:

- ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள பட்டறைக்கு அது விருப்பம்.
- எடுக்கும் எண்ணிக்கை மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 20 பேர் உள்ள பட்டறை 3 பேர் வரை எடுக்கலாம்.
- 2019ஆம் ஆண்டு விதிகள் ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய், பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 ரூபாய் என்று வைத்தன. தொகை திருத்தப்படுவது உண்டு. எடுக்கும் மாதத்தில் அப்ரென்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.
- தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் உச்சவரம்போடு, மத்திய அரசு ஏற்கிறது. 7,000 ரூபாய்க்கு 25 சதவீதம் 1,750 வரும். ஆனால் வரம்பு 1,500. ஆகவே உங்கள் கையிலிருந்து 5,500 போகும்.
- பழகுநருக்குப் பீஸ் ரேட் கூலி கிடையாது. அனுமதி இல்லாமல் ஓவர்டைமும் கிடையாது.
- பயிற்சியில் காயம் பட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்களுடையது. தொழிற்சாலைக்கான பாதுகாப்பு, சுகாதார விதிகள் பழகுநருக்கும் பொருந்தும்.
- சட்டப்படி குறைந்த வயது 14. ஆபத்தான தொழிலுக்கு 18. டக்ட் வேலையில் என்றைக்காவது ஏணி ஏற வேண்டிவரும். ஆகவே 18க்குக் கீழ் எடுக்காதீர்கள்.

## ஏழு படிகள்

### படி 1: உங்கள் பட்டறையால் என்ன கற்றுத்தர முடியும்?

ஐடிஐக்குப் போகும் முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பட்டறையில் உட்காருங்கள். போன மூன்று மாதம் செய்த வேலைகளை எழுதுங்கள்: நேர் டக்ட் எத்தனை, எல்போ எத்தனை, ரெட்யூசர், டிரான்ஸிஷன் பீஸ், காலர், டேம்பர், ப்ளீனம், ஹூட். ஒவ்வொன்றின் எதிரிலும் அதைச் சொல்லித்தரக்கூடியவர் பெயரை எழுதுங்கள். பெயர் எழுத முடியாத வேலையை நீங்கள் கற்றுத்தர முடியாது. அதை ஒப்பந்தத்தில் சேர்க்காதீர்கள்.

நேர் டக்ட் மட்டுமே செய்கிறீர்கள், ஃபிட்டிங் எல்லாம் வெளியே கொடுத்துவிடுகிறீர்கள் என்றால் மனம் தளர வேண்டாம். பல முதலாளிகள் சேர்ந்தும் பழகுநர்களை எடுக்கலாம், தங்கள் பட்டறைகளுக்குள் மாற்றி மாற்றி அனுப்பிப் பழக்கலாம் என்று சட்டமே இடம் தருகிறது. ஒருவரிடம் லாக் ஃபார்மர், இன்னொருவரிடம் வெல்டிங், மூன்றாமவரிடம் சைட் வேலை. ஒரே பையன் மூன்றையும் பார்ப்பான்.

அமெரிக்காவில் இதே தொழிலில் தகட்டுத் தொழிலாளர் சங்கமான ஸ்மார்ட்டும், ஒப்பந்ததாரர் சங்கமான ஸ்மாக்னாவும் பொது நிதி போட்டுப் பயிற்சி நடத்துகின்றன. அங்கேயும் அந்தப் பயிற்சி அமைப்பின் சுருக்கப் பெயர் ஐடிஐதான். தனிப் பட்டறையால் சுமக்க முடியாததைப் பத்துப் பட்டறை சேர்ந்து சுமக்கும் என்பதே அதில் நமக்கான பாடம்.

### படி 2: ஐடிஐக்குப் போவது

1. முதல்வரைப் பார்த்து நேரம் வாங்குங்கள். அந்தத் தொழிற்பிரிவின் இளநிலைப் பயிற்சி அலுவலரையும் கட்டாயம் பாருங்கள். கையெழுத்து முதல்வருடையது. பையன்களைத் தெரிந்தவர் பயிற்சி அலுவலர்தான்.
2. அருகில் ஷீட் மெட்டல் பிரிவு இல்லாவிட்டால் குளிர்பதன, ஏசி பிரிவு, வெல்டர், ஃபிட்டர் பிரிவுகளைக் கேளுங்கள். ஃபிட்டர் பையனுக்கு அளவு பிசகாது. ஏசி பையனுக்குக் காற்று போகும் வழி புரியும்.
3. வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு அடி நீளத்தில் பிட்ஸ்பர்க் லாக் போட்ட மூலைத் துண்டு ஒன்றை எடுத்துப் போங்கள். விசிட்டிங் கார்டை விட அது அதிகம் பேசும்.
4. ஆண்டுத் தேர்வு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே போங்கள். முடிந்த பிறகு போனால் நல்ல கைகள் எல்லாம் கார் கம்பெனிகளுக்குப் போயிருக்கும்.
5. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலும் ஒரு தடவை தலைகாட்டுங்கள். தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம் எப்போது என்று அங்கே சொல்வார்கள்.

### படி 3: ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய ஆறு

முத்திரைத்தாளின் மொழியை ஐடிஐ பார்த்துக்கொள்ளும். கீழே உள்ள ஆறும் அதில் இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள்:

1. எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை.
2. பட்டறையில் பழகுநருக்குப் பொறுப்பான ஒருவர். "நிர்வாகம்" என்று எழுதினால் யாரும் பொறுப்பில்லை என்று பொருள்.
3. மாதவாரியான வேலைப் பட்டியல் (படி 6 பார்க்க).
4. பாதுகாப்புச் சாதனங்களை வாங்கித்தருவது யார்.
5. ஐடிஐ பயிற்றுநர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை பட்டறைக்கு வருவார்.
6. பையன் வராமல் போனால் யார் யாருக்கு ஃபோன் செய்வது.

ஆறாவது சின்ன விஷயம் போலத் தெரியும். மூன்று நாள் வராத பையன் பெரும்பாலும் நான்காம் நாள் வருவதில்லை. முதல் நாளே பயிற்றுநருக்குத் தெரிந்தால் அவர் பேசி அனுப்பிவைப்பார்.

### படி 4: பதிவு

1. அப்ரென்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் உங்கள் நிறுவனத்தைப் பதியுங்கள்.
2. எந்தத் தொழிற்பிரிவு, எத்தனை இடம், எவ்வளவு உதவித்தொகை என்று அறிவியுங்கள்.
3. தேர்வான பையனும் அதே தளத்தில் பதிந்திருக்க வேண்டும். பெயரும் பிறந்த தேதியும், வங்கிக் கணக்கு உட்பட எல்லா இடத்திலும், ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். அரசின் பங்கு நேரே பழகுநர் கணக்குக்குப் போவதால் ஓர் எழுத்து பிசகினாலும் பணம் நிற்கும்.
4. பயிற்சி ஒப்பந்தத்தை அங்கேயே உருவாக்கிப் பதிவு செய்யுங்கள். பதிவாகாத பையன் சட்டத்தின் கண்ணில் பழகுநர் இல்லை. விபத்து நடந்தால் இந்த வித்தியாசம் அன்றுதான் தெரியும்.

### படி 5: முதல் இரண்டு வாரம்

இந்த இரண்டு வாரமும் ஆர்டர் வேலை எதுவும் கொடுக்காதீர்கள்.

- முதல் நாள்: காலணி, கையுறை, கண்ணாடி கொடுத்துவிட்டுப் பட்டறையைச் சுற்றிக் காட்டுங்கள். எமர்ஜென்சி ஸ்விட்ச் ஒவ்வொன்றையும் அவனே அழுத்திப் பார்க்கட்டும்.
- இரண்டு, மூன்றாம் நாள்: கருவிகளின் பெயர். ஸ்னிப்பில் இடக்கை, வலக்கை, நேர் என்று மூன்று வகை. எது எந்தப் பக்கம் வளையும் என்று துண்டுத் தகட்டில் வெட்டிப் பார்க்கட்டும்.
- நான்காம் நாள் முதல்: தினமும் பத்துத் துண்டு. கோடு போடு, வெட்டு, பிசிர் நீக்கு, மடக்கு. பத்தையும் மாலையில் மேஜைமேல் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். முதல் துண்டுக்கும் பத்தாவதுக்கும் உள்ள வித்தியாசத்தை அவன் கண்ணே சொல்லும்.

> குறிப்பு: ஒரு பழகுநருக்கு மாதம் இத்தனை ஷீட் வீணாகலாம் என்று முதலிலேயே கணக்கில் எழுதிவிடுங்கள். 0.63 மி.மீ. கனத்தில் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று ஏறத்தாழ 15 கிலோ. மாதம் இரண்டு ஷீட் வீணானால் 30 கிலோ. பழைய தகட்டு விலைக்குப் போட்டால் அதிலும் கொஞ்சம் திரும்பி வரும். கெடுக்க அனுமதி இல்லாத பையன் வெட்டவே பயப்படுவான். பயந்த கைக்குத்தான் ஸ்னிப் கோட்டை விட்டு ஓடும்.

### படி 6: பன்னிரண்டு மாதத் திட்டம்

பட்டறைச் சுவரில் ஒட்டக்கூடிய அளவில் இதை எழுதிவையுங்கள்:

- 1–2 மாதம்: மார்க்கிங், வெட்டு, மடிப்பு, நேர் டக்ட். தகட்டுக் கனத்தைப் பக்க அளவிலிருந்து சொல்லத் தெரிய வேண்டும். ஐஎஸ் 655 தரநிலையின்படி செவ்வக டக்டின் பெரிய பக்கம் 750 மி.மீ. வரை என்றால் 0.63 மி.மீ. தகடு, 751 முதல் 1,500 வரை 0.80, 1,501 முதல் 2,250 வரை 1.00, அதற்கு மேல் 1.25.
- 3–5 மாதம்: எல்போ, ரெட்யூசர், டிரான்ஸிஷன். முதலில் அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டுத் தகட்டுக்கு வர வேண்டும்.
- 6–8 மாதம்: ஃப்ளாஞ்ச், கேஸ்கெட், டேம்பர், ரிவெட், இன்சுலேஷன்.
- 9–11 மாதம்: சைட். அளவு எடுப்பது, தொங்கல் கம்பி போடுவது, மட்டம் பார்ப்பது, ஜாயின்ட் அடைப்பது.
- 12ஆம் மாதம்: காற்றை அளப்பது, முழு வேலைத் தேர்வு.

காற்றை அளப்பதைப் பல பட்டறைகள் விட்டுவிடுகின்றன. "அது ஏசி கம்பெனிக்காரன் வேலை" என்போம். ஆனால் தான் செய்த டக்ட்டில் காற்று வருகிறதா என்று தெரியாதவனுக்கு அது வெறும் தகரப்பெட்டிதான். அனிமோமீட்டர் ஒன்றை அவன் கையில் கொடுங்கள். 300க்கு 300 மி.மீ. திறந்த வாயில் சராசரி வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்றால் பரப்பு 0.09 சதுர மீட்டர், காற்று நொடிக்கு 0.18 கன மீட்டர், மணிக்கு 648 கன மீட்டர். சைட்டில் பேசும் கணக்கில் சுமார் 380 சிஎஃப்எம். ஒன்பது இடத்தில் அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் மட்டும் அளந்தால் காற்று இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

### படி 7: மாதக் கடைசிப் பதினைந்து நிமிடம்

மாதம் ஒரு தடவை நீங்கள், மேஸ்திரி, பையன் மூவரும் டீயோடு உட்காருங்கள். மூன்று கேள்வி போதும். இந்த மாதம் தனியாக எதைச் செய்தாய்? எது வரவில்லை? அடுத்த மாதம் எது வேண்டும்? பதிலை நோட்டில் எழுதி அவன் கையெழுத்தையும் வாங்குங்கள். பயிற்றுநர் வரும்போது காட்ட வேண்டிய பதிவேடும் அதுதான்.

## செய்து பார்க்க: பழகுநரின் முதல் டக்ட்

மூன்றாம் வாரத்தில் கொடுக்க வேண்டிய பாடம் இது. அளவு 400க்கு 250 மி.மீ., நீளம் 1,220 மி.மீ., அதாவது ஷீட்டின் முழு அகலம். தகடு 0.63 மி.மீ. இரண்டு எல் வடிவத் துண்டுகளைச் சேர்த்து, பிட்ஸ்பர்க் லாக்கில் முடிப்பது.

1. கனம் பார். மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். 24 கேஜ் என்று சாக்பீஸில் எழுதிவந்த ஷீட் எல்லாம் 24 கேஜாக இருப்பதில்லை.
2. மட்டம் பார். இரண்டு மூலைவிட்டமும் சமமா? இல்லாவிட்டால் ஓர் ஓரத்தைச் சீவி நேராக்கிய பிறகே கோடு.
3. சோதனைத் துண்டு ஓட்டு. லாக் ஃபார்மரில் ஒரு சிறு துண்டை ஓட்டி, லாக்குக்கு எவ்வளவு தகடு போகிறது என்று அளக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினும் ஒரு கணக்கு. என் மெஷினில் பாக்கெட்டுக்கு 30, எதிர் விளிம்புக்கு 8.
4. கோடு போடு. 8 + 250 + 400 + 30 = 688 மி.மீ. இந்த அளவில் ஒரு ஷீட்டிலிருந்து மூன்று துண்டு வரும். மீதம் 376 மி.மீ. பட்டை நிற்கும். அதைக் காலருக்கு எடுத்துவையுங்கள்.
5. "உள்" என்று எழுது. டக்ட்டின் உள்பக்கமாக வரும் முகத்தில் மார்க்கரால் பெரிதாக எழுத வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.
6. வெட்டு, பிசிர் நீக்கு. அரத்தை விளிம்பில் ஒரே திசையில் ஓட்ட வேண்டும்.
7. முதலில் லாக், பிறகு விளிம்பு, கடைசியில் மடிப்பு. இந்த வரிசை மாறக் கூடாது. 90 டிகிரி மடக்கிய பிறகு லாக் ஃபார்மரில் தள்ள முடியாமல் பையன் விழிப்பதை ஒரு தடவையாவது பார்ப்பீர்கள். பார்த்தாலும் திட்டாதீர்கள். அதை அவன் இனி மறக்க மாட்டான்.
8. கோத்து அடி. ஒரு முனையில் விளிம்பைப் பாக்கெட்டில் நுழைத்து, கொட்டாப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாக மறுமுனைக்கு நகர வேண்டும். முழுவதும் உட்கார்ந்த பிறகே நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டை மடக்க வேண்டும். இரும்புச் சுத்தியால் அடித்தால் துத்தநாகப் பூச்சு பெயரும், அங்கேதான் துரு பிடிக்கும்.
9. மூலைவிட்டம் மறுபடி. வாயின் இரண்டு மூலைவிட்டமும் பொருந்த வேண்டும்.
10. விளக்குச் சோதனை. மாலையில் ஷட்டரை இறக்கிவிட்டு டக்ட்டுக்குள் ஒரு விளக்கை வைத்து, இரண்டு வாயையும் அட்டையால் மூடுங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் நாளை காற்றும் கசியும்.

### அந்த "உள்" எதற்கு?

நேர் டக்ட்டில் உள்ளும் வெளியும் மாறினால் குடி முழுகாது. ஒருபக்கம் விலகிப்போகும் டிரான்ஸிஷன் பீஸில் மாறினால் இடக்கைத் துண்டு வலக்கைத் துண்டாகிவிடும். கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். அளவு எல்லாம் சரி, சைட்டில் மட்டும் பொருந்தாது. மூன்றாம் மாடிவரை தூக்கிப்போன பிறகு தெரியவரும் தவறு இது. முதல் டக்ட்டிலேயே "உள்" என்று எழுதப் பழகிய கை, ஐந்தாம் மாதத்தில் தானாக எழுதும்.

## பாதுகாப்பு: விட்டுக்கொடுக்கக் கூடாதவை

தகடு கத்தியைப் போல வெட்டும், ஆனால் கத்தியைப் போல பயமுறுத்தாது. ஆபத்து அங்கேதான்.

- கையுறை எங்கே, எங்கே கூடாது: ஷீட்டைத் தூக்க, அடுக்க, வெட்டுத் தாங்கும் கையுறை கட்டாயம். லாக் ஃபார்மரின் உருளைகள், டிரில்லிங் மெஷின் போன்ற சுழலும் இடங்களில் கையுறை கூடாது. நுனியைப் பிடித்தால் கையோடு இழுத்துவிடும்.
- விழும் ஷீட்டைப் பிடிக்காதே: சரிந்தால் விட்டுவிட்டுப் பின்னால் நகர வேண்டும். இதைச் சொன்னால் போதாது. கழிவுத் துண்டு ஒன்றை வேண்டுமென்றே விழவிட்டுப் பழக்குங்கள். பிடிக்கப் பாய்வது மனித சுபாவம்.
- மொட்டை மாடியில் காற்று: முழு ஷீட்டை இருவர் தூக்க வேண்டும். பலத்த காற்றில் அது பாய்மரம்தான். கைப்பிடிச் சுவர் ஓரமாக நடக்கக் கூடாது.
- ஷியரிங் மெஷின்: விரல் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் உங்கள் மேஸ்திரிக்கு இருந்தால், பழகுநர் வரும் முன் அதை மாற்றுங்கள். பையன் உங்கள் அறிவிப்புப் பலகையைப் படிக்க மாட்டான், மேஸ்திரி கையைத்தான் பார்ப்பான்.
- ஜிஐயில் வெல்டிங்: துத்தநாகப் புகையை இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வரும். பூச்சை நீக்கிவிட்டு, புகையை வெளியேற்றும் விசிறி ஓடும் இடத்தில், தகுந்த முகக்கவசத்தோடு மட்டுமே செய்ய வேண்டும்.
- மின்சாரம்: கைக்கருவிகள் எல்லாம் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் வழியாக மட்டுமே. தகட்டுப் பட்டறையில் ஒயர் அறுபடுவது சகஜம். வாரம் ஒரு தடவை ஒயர் முழுவதையும் பாருங்கள்.
- உயரம்: சாரத்தில் ஏறினால் முழு உடல் பெல்ட், கொக்கி உறுதியான இடத்தில். ஃபால்ஸ் சீலிங்கில் கால் வைக்கவே கூடாது.
- காது, மூக்கு: தகட்டில் நாள் முழுதும் அடிக்கும் சத்தத்துக்குக் காது அடைப்பான். கண்ணாடிக் கம்பளி வேலைக்கு முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும்.
- முதலுதவி: பெட்டியில் பொருள் இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பார்க்கும் வேலையைப் பழகுநரிடமே கொடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறானா என்று சேரும் நாளில் கேளுங்கள்.

## வழக்கமாக நடக்கும் தவறுகள்

1. ஒரே வேலையில் நிறுத்திவைப்பது. பையன் லாக் அடிப்பதில் கெட்டிக்காரன் என்று ஆறு மாதம் லாக்கே கொடுப்போம். உற்பத்தி கூடும், பயிற்சி நின்றுவிடும். சுவரில் ஒட்டிய திட்டம் இதைத் தடுக்கத்தான்.

2. அவசர ஆர்டரில் திட்டத்தைத் தள்ளிவைப்பது. தள்ளுங்கள். ஆனால் எத்தனை நாள் தள்ளினீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். எழுதினால் திருப்பிக் கொடுப்பீர்கள்.

3. மேஸ்திரியைக் கேட்காமல் பையனைக் கொண்டுவருவது. "நாளைக்கு என் வேலைக்கே வேட்டு வைப்பான்" என்ற பயம் அவருக்கு இருக்கும். அதைப் பேசித் தீர்த்துவிடுங்கள். சொல்லித்தருவதற்கென்று தனியாக ஒரு தொகை கொடுங்கள். தொகை சிறிதானாலும் அது அவரை ஆசானாக்கும்.

4. டீ வாங்கிவரச் சொல்வது. ஒரு நாள் போனால் தவறில்லை. ஆனால் முறை வைத்து எல்லோரும் போக வேண்டும், முதலாளி உட்பட.

5. வராதே என்று வாயால் நிறுத்துவது. பதிவான ஒப்பந்தத்தை முடிக்க முறை உண்டு. அதன்படியே முடியுங்கள்.

6. முடிந்ததும் மறப்பது. பயிற்சி முடிந்தவரை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. ஆனால் எடுப்பீர்களா, மாட்டீர்களா என்பதைப் பத்தாம் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். எடுக்காவிட்டால் தேர்வுக்கும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழுக்கும் வேண்டிய உதவியைச் செய்யுங்கள்.

## கையெழுத்துக்கு முந்தைய சரிபார்ப்பு

- வேலைப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் சொல்லித்தருபவர் பெயர் இருக்கிறதா?
- மேஸ்திரி சம்மதித்தாரா?
- பாதுகாப்புச் சாதனங்கள் பையன் அளவுக்கு வாங்கியாயிற்றா?
- வீணாகும் தகட்டுக்குக் கணக்கு ஒதுக்கியாயிற்றா?
- பன்னிரண்டு மாதத் திட்டம் சுவரில் ஏறியதா?
- முதல் திங்கட்கிழமை அவன் கையில் என்ன கருவி?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் பேனாவை மூடிவிடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கையெழுத்துப் போடலாம்.

என் பட்டறையில் விளக்குச் சோதனைக்கு உட்கார்ந்த முதல் பழகுநர் இரண்டாவதாக வந்த பையன். ஷட்டரை இறக்கியதும் அவன் செய்த டக்ட்டின் ஒரு மூலையில் அரிசி அளவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. மேஸ்திரி வாயைத் திறக்கும் முன் அவனே கொட்டாப்புளியை எடுத்துப் போய் அந்த உதட்டை இன்னும் நான்கு தட்டுத் தட்டினான். வெளிச்சம் மறைந்தது. "விளக்கை நகர்த்துங்கண்ணே, அந்தப் பக்கத்தையும் பார்த்துடலாம்" என்றான். டக்ட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.